விபத்தின் எழுவாய்

ஒரே மாவட்டம்தான். ஆனால் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போகிறவன் பேசின் பிரிட்ஜ் வரை வந்து இறங்கி, வேறு வண்டி மாறி, வடக்கே போகவேண்டும். பஸ் என்றால் பெரியபாளையம், கவரைப்பேட்டை வழி. 1997ல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து திருவள்ளூரைப் பிரித்தபோது, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு ரயில் பாதைகளும் அவற்றின் ஓரத்துத் தொழிற்பேட்டைகளும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன. மேற்குப் பாதையில் அம்பத்தூர் (2018ல் அது சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது), காக்களூர். வடக்குப் பாதையில் கும்மிடிப்பூண்டி சிப்காட். மேற்கே பிரஸ், லேத், உதிரிபாகம். வடக்கே பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள். முதலாவது விரலைக் கேட்கும். இரண்டாவது தோலைக் கேட்கும். இப்படிச் சொல்வது கொஞ்சம் நாடகத்தனமாகப் படலாம். ஆனால் இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு நான் கும்மிடிப்பூண்டி போய்வருகிறேன். அங்கே தொழிற்சங்க வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், 'தமிழ் எம்.ஏ.ன்னு பேரு, நாலு வரி மனு எழுதிக் குடுக்கக் கூடாதா' என்று கேட்டதில் ஆரம்பித்தது. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு ஒன்று, மருத்துவக் குழுவுக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரதியை வாசிப்பது எப்படி என்று பத்து வருஷம் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தவனுக்கு, சரியாக வாசிக்கப்பட்டால் மாதாமாதம் பணம் வரும், வாசிக்கப்படாவிட்டால் வராது என்கிற வகைப் பிரதி அப்போதுதான் முதல்முறையாகக் கையில் கிடைத்தது.

விபத்து அறிக்கையில் 'விபத்து எப்படி நேர்ந்தது' என்று ஒரு கட்டம் உண்டு. நிர்வாகத்தின் பக்கமிருந்து வரும் அறிக்கைகளில், நான் பார்த்தவரை, ஒரே அச்சில் வார்த்த வாக்கியம்தான் அங்கே இருக்கும்: தொழிலாளி கவனக்குறைவாக இயந்திரத்துக்குள் கையை விட்டதால் காயம் ஏற்பட்டது. எழுவாய் தொழிலாளி. வினையடை கவனக்குறைவாக. இயந்திரம் உருபேற்று ஓர் இடமாக மட்டும் நிற்கிறது, அது எதையும் செய்வதில்லை. காயமோ யாரும் ஏற்படுத்தாமல் தானே 'ஏற்படுகிறது'.

இது நிர்வாகத்தின் வாக்கியம், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. என்னை நிறுத்தியது தொழிலாளியின் வாக்கியம். டீக்கடையில் உட்கார்ந்து எப்படி ஆச்சு என்று கேட்டால், 'ரெண்டு வெரல உட்டுட்டேன் சார்' என்பார்கள். விடு என்ற வினை தமிழில் ஒரு வலை. மெஷினுக்குள் கையை விடுவதும் விடுதல்தான். சீட்டாட்டத்தில் காசை விடுவது போல இழப்பதும் விடுதல்தான். அவர் இழந்தேன் என்று சொல்கிறார். எழுதிக்கொள்கிறவர் காதில் அது உள்ளே விட்டேன் என்று விழுகிறது. ஒரே வாக்கியம் ஒருவருக்குப் புலம்பல், இன்னொருவருக்கு வாக்குமூலம். இந்த இரட்டை அர்த்தத்தை அமைப்பியல் தெரிந்தவர்கள் ரசிக்கலாம். எனக்கு ரசிக்க முடியவில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்துக்கு இந்த வாக்கியத்தில் எழுவாய் யார் என்பதே வேண்டாம் என்பதுதான் விஷயம். அந்தக் கேள்வியைச் சட்டம் கைவிட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கைவிட்டது என்பது தொழிலாளிக்கு வந்து சேரவில்லை.

கைவிடப்பட்ட கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1837ல் இங்கிலாந்தில் ஃபவுலர் என்ற இறைச்சிக் கடைக்காரரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி, அளவுக்குமீறிச் சுமையேற்றிய வண்டி உடைந்ததில் தொடை எலும்பு முறிந்து வழக்குப் போட்டார். வேலைக்காரனுக்கு இப்படியெல்லாம் ஈடு கொடுக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவேது என்ற கவலையோடு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அதிலிருந்து மூன்று கவசங்கள் முதலாளிகளுக்கு உருவாயின. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்பது ஒன்று. உன் கவனக்குறைவும் இதில் இருக்கிறதே என்பது இரண்டு. காயப்படுத்தியது நானல்ல, உன்னோடு வேலை செய்கிற இன்னொரு கூலியாள், அவனைக் கேள் என்பது மூன்று. இந்த மூன்றையும் தாண்டி ஈடு வாங்கிய தொழிலாளி அபூர்வம். இன்றைக்கும் சூப்பர்வைசர் வாயில் வருகிற சமாதானங்களை எழுதிவைத்துப் பாருங்கள், இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

1884ல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி, 1897ல் பிரிட்டன், 1898ல் பிரான்ஸ் என்று அடுத்தடுத்து இந்தக் கவசங்கள் உடைபட்டன. ஃபூக்கோவின் உதவியாளராக இருந்த பிரான்சுவா எவால்ட் 1986ல் வெளியிட்ட நூலில் இந்த இடத்தை முக்கியமான அறிதல்முறை மாற்றமாகக் காண்கிறார். தவறு என்ற கருத்தாக்கத்தின் இடத்தில் அபாயம் என்ற கருத்தாக்கம் வந்து உட்கார்கிறது. விபத்து ஒரு தனிமனிதனின் ஒழுக்கக் குறைபாடு என்பது போய், நிலக்கரி எரிந்தால் சாம்பல் வருவது போல, தொழில் நடந்தால் இத்தனை விரல் போகும் என்கிற ஒழுங்காக அது மாறுகிறது. இதில் குரூரமும் உண்டு, விடுதலையும் உண்டு. விரல்கள் போவது இயல்பு என்று ஒப்புக்கொள்வது குரூரம். போனது உன் தப்பினால் அல்ல என்பது விடுதலை. எவால்டைத் தமிழில் பேசுகிற நம் நண்பர்கள் முதலாவதையே அழுத்துகிறார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து பார்த்தால் இரண்டாவதுதான் கண்ணில் படுகிறது, ஏனென்றால் அது அங்கே இன்னும் வந்து சேராத சரக்கு.

இந்தியாவுக்கு இது 1923 மார்ச்சில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக வந்தது. அதே வருஷம் மே 1ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், பின்னி ஆலைக்காரர்களோடு நடந்த மோதல்களும், போருக்குப் பிந்தைய வேலைநிறுத்த அலையும் இரண்டுக்கும் பொதுவான பின்னணி. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்து என்றால் போதும், முதலாளி தப்புச் செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்றது சட்டம். ஆனாலும் பழைய பேயை முழுக்க ஓட்டிவிடவில்லை. குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய மூன்று விதிவிலக்குகளை வைத்துக்கொண்டது.

1948ல் வந்த ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்பது, இன்னும் ஓரடி போனது. இதன் அடிப்படை 1944ல் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் கொடுத்த அறிக்கை. திட்டம் 1952 பிப்ரவரி 24ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, தமிழகத்துக்கு 1955ல் கோவை வழியாக வந்தது. முதலாளி தன் பையிலிருந்து மொத்தமாகக் கொடுப்பது என்ற 1923 ஏற்பாட்டில், விபத்தை மறைப்பதே அவருக்கு லாபம். வாங்கிய மொத்தத் தொகையும் ஊர்க் கடனுக்குப் போய்விடும். எல்லோரும் சந்தா கட்டுகிற பொது நிதியிலிருந்து மாதாமாதம் கொடுத்தால் மறைக்கவேண்டிய அவசியமே இருக்காதே என்பது காப்பீட்டின் தர்க்கம். இந்தச் சட்டத்தின் 51அ பிரிவு, வேலையின் போக்கில் நேர்ந்த விபத்து என்றால், மாறான சான்று இல்லாதவரை, அது வேலையின் காரணமாக நேர்ந்ததென்றே கொள்ளவேண்டும் என்றது. 51ஆ பிரிவு, விதியையோ முதலாளியின் உத்தரவையோ மீறிச் செய்த காரியமானாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்தது என்றால் தொழிற்காயம்தான் என்றது. அந்த 'கவனக்குறைவாக' என்ற வினையடைக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. அறிக்கையில் அதை எழுதுவதும் ஒன்று, அன்றைக்கு மேகமூட்டமாக இருந்தது என்று எழுதுவதும் ஒன்று.

தகுதி விஷயத்திலும் இதே தாராளம். நோய் உதவிக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. தொழிற்காயத்துக்கு அது கிடையாது. காலையில் சேர்ந்து மத்தியானம் விரல் போனாலும் உரிமை உண்டு. ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த ஆளாக இருந்தாலும் ஆலையின் முதன்மை முதலாளிதான் பொறுப்பு. முதலாளி சந்தாவே கட்டவில்லை, பெயரையே பதியவில்லை என்றாலும், தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டியதைக் கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள 68வது பிரிவு வழிசெய்தது. காயம்பட்ட நாளை விட்டுக் குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாதிருந்தால், குணமாகும்வரை சராசரி நாள்கூலியில் 90 சதவீதம். பிறகு நிரந்தர ஊனம் மிஞ்சினால் மருத்துவக் குழு கூடிச் சதவீதம் போடும், ஆயுள் முழுக்க அந்த விகிதத்தில் மாதாமாதம் பணம் வரும். போட்ட சதவீதம் குறைவென்றால் மேல்முறையீட்டு மருத்துவத் தீர்ப்பாயமோ காப்பீட்டு நீதிமன்றமோ உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் (2017 ஜனவரியிலிருந்து இந்த வரம்பு). அதற்குமேல் வாங்குகிறவருக்கு 1923ன் மொத்தத்தொகை வழி. இரண்டு வழியிலும் கேட்கமுடியாது என்று 53வது பிரிவு சொன்னதை 1996ல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். தொழிலாளிகள் பேச்சில் இது 'பர்சென்ட்'. 'போர்டுல எவ்ளோ போட்டாங்க?' என்பது அங்கே ஒருவரை ஒருவர் விசாரிக்கும் முறை.

1923 பட்டியலில் வலது கை முழங்கைக்கு மேல் போனால் 70, இடது கை என்றால் 60. கட்டைவிரல் 25. ஆள்காட்டி விரல் 10. மற்ற எந்த விரலும் 5. இதில் ஒரு பட்டறை அறிவு இருக்கிறது. வலக்கைக்கும் இடக்கைக்கும் கூலியில் வித்தியாசம் உண்டு என்று பட்டியல் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. 1962 திருத்தத்தில் இந்தப் பட்டியல் தூக்கியெறியப்பட்டு வேறொன்று வந்தது. வலம் இடம் போயிற்று. கட்டைவிரல் 30. ஆள்காட்டி முழுசாக 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 5. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கை 60. கண் ஒன்று 40. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் பட்டியலிலும் இவையே.

இந்த 14, 12, 7 எங்கிருந்து வந்தன? பிரிட்டனில் 1948 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தொழிற்காயக் காப்பீட்டின் அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் விரல்களின் எண்கள் கணுக்கணுவாக ஒத்துப்போகின்றன. நுனி துண்டாவதற்குப் பயன்படுத்திய 'கில்லட்டின்' என்ற சொல்கூட அப்படியே வந்திருக்கிறது. பாரீஸில் தலைக்குப் பயன்பட்ட கருவி காக்களூரில் விரல்நுனிக்கு உவமையாகிவிட்டது. ஆனால் முக்கியமானது சொல் அல்ல, தலைப்பு. பிரிட்டனில் அந்த எண்கள் அளந்தது வருமானத்தை அல்ல. போரில் ஊனமுற்ற படைவீரனுக்கு ஓய்வூதியம் கொடுக்கப் பின்பற்றிய கொள்கையை எடுத்து, அதே வயதுள்ள ஆரோக்கியமான ஓர் உடலோடு ஒப்பிட்டு இந்த உடலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தார்கள். குமாஸ்தாவானாலும் கொல்லனானாலும் விரல் விரல்தான், சம்பளம் குறைந்ததா கூடியதா என்பது வேறு கணக்கு. வேண்டுமென்றேதான் 1946 சட்டத்தில் அப்படி வைத்தார்கள். கடல் தாண்டி நம்மிடம் வந்தபோது அதே எண்களின் தலையில் 'சம்பாதிக்கும் திறனில் இழப்பின் சதவீதம்' என்று எழுதப்பட்டது. சிப்பாயின் உடலை அளந்த கோல் கூலியின் வருமானத்தை அளக்க நின்றது. அளவுகோலை மாற்றாமல் அளக்கப்படுவதை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

ஏகலைவனை இழுக்காமல் தமிழில் கட்டைவிரலைப் பற்றி எழுத முடியாது போலிருக்கிறது. இழுத்துவிடுகிறேன். பட்டியல்படி அவன் இழந்தது 30 சதவீதம். வில்லாளிக்கு அது நூறு.

இது வெறும் சாமர்த்தியமல்ல, சட்டத்துக்கே வந்த சந்தேகம். ஒரிசாவில் 1968ல் சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். இது பகுதி ஊனம்தான், பட்டியலில் இருக்கிறது என்பது முதலாளியின் வாதம். ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம், நூறு சதவீதம் என்றார் இழப்பீட்டு ஆணையர். 1975ல் உச்சநீதிமன்றம் ஆணையர் பக்கமே நின்றது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று வக்கீல்கள் இதைச் சொல்வார்கள். வழக்குக்கு முதலாளியின் பெயர், தச்சருக்கு எதிர்மனுதாரர் என்ற இடம். ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழுக்களோ, நான் பார்த்த தாள்களில், பட்டியலின் எண்ணிலேயே நின்றுவிடுகின்றன.

அதற்காகப் பட்டியலை வெறும் மோசடி என்று ஒதுக்கவும் முடியாது. என் நண்பர்கள் சிலர் அப்படி ஒதுக்குகிறார்கள். காயத்துக்குப் பிறகும் அதே வேலையில், அதே சம்பளத்தில் தொடர்கிறவருக்கும் மாதப் பணம் நிற்பதில்லை. அவர் வருமானம் ஒரு காசு குறையவில்லை, ஆனால் 'சம்பாதிக்கும் திறன்' குறைந்ததாக எண் சொல்கிறது. அந்தப் புனைவு அவருக்கு நல்லது செய்கிறது. தொழிலே போனவருக்கு அதே புனைவு கெடுதல் செய்கிறது. சராசரி நாள்கூலி 400 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 360. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் அதில் 14 சதவீதம், நாளைக்கு 50 ரூபாய் 40 காசு. முப்பது நாளுக்கு 1,512 ரூபாய். வேலையில் இருப்பவருக்கு இது பையனின் பள்ளி வேனுக்கு ஆகும். வேலையில்லாதவருக்கு அரிசி வாங்கவும் பற்றாது.

கும்மிடிப்பூண்டியின் சங்கடம் வேறு. பட்டியல் என்பது வெட்டுப்பட்ட உறுப்புகளின் பட்டியல். கணு கணுவாக, அங்குலம் அங்குலமாக அது தெளிவாக இருப்பது துண்டாகும் இடங்களில்தான். உலையில் தெறித்த இரும்புக் குழம்பு முதுகில் கொட்டியவரும், தீப்புண் ஆறி முழங்கை மடங்காமல் நின்றுபோனவரும் அதில் தங்கள் வரியைத் தேடிக் காணமுடியாது. முகம் மிகக் கோரமாகச் சிதைந்தால் நூறு என்று ஒரு வரி உண்டு. தோலுக்கு வரி இல்லை. பட்டியலில் இல்லாத காயத்துக்கு மருத்துவக் குழுதான் மதிப்பிட்டுச் சதவீதம் சொல்லவேண்டும். அங்கேதான் பேரம் மாதிரி ஒன்று நடக்கிறது. 'மடக்குங்க, நீட்டுங்க, இன்னும் கொஞ்சம்.' வலியைக் காட்டினால் நடிப்பு, காட்டாவிட்டால் குணம்.

தமிழ் படித்தவனின் இடைச்செருகல் ஒன்றை இங்கே பொறுத்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பிய வினையியலில் சினைவினை பற்றி ஒரு விதி உண்டு. கை முறிந்து விழுந்தான் என்கிறோம். முறிந்தது கை, விழுந்தது ஆள். முறைப்படி கையின் வினை கையோடு முடியவேண்டும். ஆனால் உறுப்பின் வினை ஆளின் வினையோடு முடிந்தாலும் குற்றமில்லை என்று இலக்கணம் ஒப்புகிறது. உறுப்பைச் சினை என்றும் ஆளை முதல் என்றும் சொல்வார்கள். கை முறிந்தால் ஆள் விழுவான் என்பது இலக்கணக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அட்டவணையோ சினையைச் சினையிலேயே முடித்துவிடுகிறது. ஆள்காட்டி, 14, முற்றுப்புள்ளி. (முதல் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை முதலாளியிடமே விட்டுவிடுவோம்.)

பட்டியல் எவ்வளவு குறையுள்ளதானாலும் அதற்குள் போனால்தானே குறை காணமுடியும். பெரும்பாலானவர்கள் அதன் வாசலுக்கே வருவதில்லை. தனி முதலாளிக்கு விபத்தை மறைக்கும் தேவை இருக்காது என்று காப்பீடு கணக்குப்போட்டது ஏன் பொய்த்தது? இன்றைக்கு ஒரு விபத்து பதிவேட்டில் ஏறினால் அதன் பின்னால் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், எந்த மெஷினில் தடுப்பு இல்லை என்று கேட்பார், பொருள் வாங்குகிற பெரிய கம்பெனியின் தணிக்கை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, காயப்பட்டவன் பெயர் பதிவேட்டில் இல்லை என்பதும், அவனைப் போல இன்னும் எத்தனை பேர் இல்லை என்பதும் தெரிந்துவிடும். ஆகவே காப்பீட்டில் பெயர் ஏறுவது காயத்துக்குப் பிறகு நடக்கிறது. இது நம் பக்கத்து விசேஷம் அல்ல. அரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிலைப் பற்றி 2019 முதல் வெளிவரும் 'கிரஷ்ட்' அறிக்கைகளும் விபத்துக்குப் பின் அட்டை வருகிற இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கின்றன. உற்பத்தி எண்ணிக்கைக்காகத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வதையும்தான்.

2025 நவம்பர் 21 முதல் 1923, 1948 சட்டங்கள் இரண்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. விரலின் எண்கள் மாறவில்லை. 2010ல் தமிழக அரசு ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளி என்றழைக்க ஆரம்பித்தபோதும் இந்த அட்டவணை ஊனம் என்ற சொல்லோடுதான் இருந்தது. ஊனம் வடமொழியில் குறைவு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்க் காதுக்கு அதில் ஊன், அதாவது தசை, கேட்கிறது. எதை எதிலிருந்து கழிக்கிறார்கள் என்று அந்தச் சொல்லே சொல்கிறது போலத்தான் இருக்கிறது.

எனக்கு ஏன் ரசிக்க முடியவில்லை என்று சொல்வதாகச் சொன்னேன். என் அப்பா அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். 1999ல், நான் மூன்றாம் வகுப்பு. வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு. கம்பெனிக்காரர்கள் ஆட்டோவில் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார்கள். பில்லைக் கட்டினார்கள். ஒரு கவரில் இரண்டு வாரச் சம்பளம் வந்தது. அப்பாவின் பெயர் ஈ.எஸ்.ஐ. பதிவேட்டில் இருக்கவில்லை, விபத்துப் புத்தகம் திறக்கப்படவும் இல்லை. இருபது நாளில் திரும்ப வேலைக்குப் போனார், பிரஸ்ஸுக்கு அல்ல, பேக்கிங்குக்கு. அதற்குக் கூலி குறைவு.

பக்கத்து வீட்டில் சங்கத்து ஆள் ஒருவர் இருந்தார். கேஸ் போடலாம் என்று இரண்டு மூன்று தடவை வந்து சொன்னார். அப்பா மறுத்த காரணம் பயம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பயமில்லை. 'பெடல நான்தானே மிதிச்சேன்' என்பார். 'அவன் வந்து மிதிச்சானா? கை உள்ள இருக்கும்போது என் கால்தான் மிதிச்சுது. இதுக்குப் போய் அவன்கிட்ட காசு கேக்கறது நியாயமா?' நியாயம் என்ற சொல்லை அவர் லேசாகப் பயன்படுத்துகிறவர் அல்ல. நாளைக்கு இத்தனை ஆயிரம் அடி என்று கணக்கு வைத்தது யார், இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்படி அந்த பிரஸ் ஏன் இல்லை என்ற கேள்விகள் அவர் வாக்கியத்தில் இடம்பெறவில்லை. எழுவாய் அவர். செயப்படுபொருளும் அவரே. தவறு என்ற கேள்வியை 1948லேயே ஓரங்கட்டிய சட்டம் ஒன்று இருக்கிறது, பெயர் பதியாததுகூட உன் பிரச்சினையல்ல என்று அது சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2016ல் இறந்துபோனார். பதினொன்று என்ற எண்ணை நான் தெரிந்துகொண்டது அதற்கு அப்புறம்.

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு மனு எழுதினேன். ரோலிங் மில்லில் ஒப்பந்த வேலை, நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. இரண்டு விரல், இருபது சதவீதம். எப்படி நேர்ந்தது என்பதற்கு, ஓடிக்கொண்டிருந்த உருளைகளுக்கு நடுவே சிக்கிய கம்பியை எடுக்கச் சொன்னபோது உருளை கையை உள்ளே இழுத்தது என்று எழுதினேன். எழுவாய் உருளை. நண்பர் இந்தியில் வாசித்துக் காட்டினார். பையன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். பிறகு, 'மேரி கல்தி' என்றும் அதில் எழுதச் சொன்னான். என் தப்பு. நண்பர் 51ஆ பிரிவை, அது இப்போது எந்த எண்ணாக இருக்கிறதோ அதை, தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது சரி, ஆனால் அதை எழுதாவிட்டால் மேஸ்திரி திரும்ப வேலைக்குச் சேர்க்கமாட்டான் என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிளை அலுவலகம் மறுநாள்தான் திறக்கும். தாளை அவனிடமே கொடுத்துவிட்டு வண்டிக்குக் கிளம்பினேன்.